முதலில் வந்த தட்டு

என் அக்கா ஸரீனா ராத்தாவின் வீட்டிலிருந்து யாரும் பசியோடு படியிறங்கியதில்லை. மாத்தளை கொங்காவெலையில் அவள் கணவர், என் மச்சான் அப்துல் ஸமதுக்கு மிளகு, கராம்புக் கடை. மூட்டை தூக்குகிறவர், தம்புள்ளைக்குப் போகும் லொறிக்காரர், மச்சானின் தம்பிமார் என்று பகல் முழுக்க ஆட்கள் வந்து உண்டுவிட்டுப் போவார்கள். எல்லாரும் எழுந்த பிறகு ராத்தா, சட்டியில் ஒட்டியதை வழித்துப் போட்டுக்கொண்டு அடுப்படிக்குள் உட்காருவாள். கலியாண வீட்டில் ஆறு பேர் கூடிச் சாப்பிடும் ஸஹன் தட்டில்கூட மற்ற ஐந்து பேரும் கை வைத்த பிறகுதான் அவள் கை போகும். ஊரார் இதைப் பொறுமை என்று புகழ்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சீனி வருத்தம் வந்து இன்சுலின் ஊசி தொடங்கிய பிறகும் இதே கதைதான். ஊசி போட்டால் தாமதிக்காமல் சாப்பிட வேண்டும், தவறினால் சீனி இறங்கி உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவள் ஊசியைப் போட்டுக்கொண்டு யாருக்கோ சோறு பரிமாறிக்கொண்டிருப்பாள்.

அவளுடைய மகள் ஷஸ்னாவின் பிரசவத்துக்கு லண்டன் போகப் புறப்பட்டபோது நானும் துணைக்குப் போனேன். மருமகன் ஸுஹைல் டிக்கெட் போடும்போதே மாமிக்குச் சீனி வருத்தக்காரருக்கான சாப்பாடு சொல்லியிருந்தான். ஜன்னலோரம் நான், நடுவில் ராத்தா, நடைபாதைப் பக்கம் கோட்டுப் போட்ட பருத்த மனிதர் ஒருவர். உட்கார்ந்ததிலிருந்து அவருக்கு ஒரே முறைப்பாடு. போன தடவை கோழி முடிந்துவிட்டதாம், பாண் கல்லாக இருந்ததாம். ராத்தாவின் பையை விமானப் பணிப்பெண் பிள்ளை ஒன்று வாங்கி மேல்தட்டில் வைத்துவிட்டது. பேரீச்சம்பழமும் டொபியும் அதற்குள்தான்; ஊசி மட்டும் ராத்தாவின் மடியில்.

விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்ததும் நான் கழிவறைக்குப் போனேன். வரிசையில் நின்று திரும்பி வர நேரமாகிவிட்டது. உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதுதான் தாமதம், விமானம் குலுங்கத் தொடங்கியது. எல்லாரும் இருக்கையிலேயே இருக்க வேண்டும், சாப்பாடு பரிமாறுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். முன்பக்கம் தெரிந்த வண்டி திரும்பிப் போயிற்று. வேலை செய்யும் பிள்ளைகளும் போய் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"பாருங்க, தொடங்கிட்டாங்க. இதுக்கு நான் கம்பனிக்கு எழுதத்தான் போறேன்," என்றார் கோட்டுக்காரர்.

ராத்தா என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை நனைந்திருந்தது.

"றுஸைனா, நான் ஊசி போட்டுட்டேன்."

"எப்ப?"

"நீ போன கையோட. சாப்பாட்டு வாசம் வந்திச்சி. அந்தப் புள்ள எனக்கு மட்டும் தட்டு கொண்டாந்திச்சி. இவருக்கு ஒண்ணுமில்ல, ஒனக்கும் ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் வரக்குள்ள கொண்டாங்கன்னு சிங்களத்துல சொல்லி அனுப்பிட்டேன்."

அல்லாஹ்வே என்று தலையில் கை வைத்தேன். அந்த மாதிரித் தனிச் சாப்பாட்டை எப்போதும் முதலில்தான் கொடுப்பார்களாம். அது இவளுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு வாய் வைப்பாளா இவள்?

மணியை அழுத்தினேன். தலைக்கு மேலே விளக்கு எரிந்தது, யாரும் வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினேன். தூரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை, இருங்கள் என்று கை காட்டியது. கத்திச் சொன்னேன், இரைச்சலில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. ராத்தாவின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் கண்ணாடியும் மேகமும், மறுபக்கம் அந்த மனிதரின் வயிறு. கோழிக்கூட்டுக்குள் அகப்பட்ட மாதிரி இருந்தது.

"கொஞ்சம் எழும்புங்க. மேல உள்ள பையை எடுக்கணும்."

"எழும்ப ஏலாது. லைட் எரியுது தெரியல்லியா?"

"இவங்களுக்குச் சீனி எறங்குது."

அவர் ராத்தாவின் முகத்தைப் பார்த்தார். பெல்ட்டில் கை வைத்தார், அடுத்த குலுக்கலில் எடுத்துவிட்டார். போதும் என்று என் பெல்ட்டைக் கழற்றினேன். ஹபாயா அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ராத்தாவின் முழங்காலைத் தாண்டி, அந்த மனிதரின் மடியில் பாதி விழுந்து, நடைபாதைக்குப் போனேன். பின்னாலிருந்து அதட்டினார்கள். அதட்டட்டும். மேல்தட்டைத் திறந்ததும் யாருடைய தொப்பியோ என் முகத்தில் விழுந்தது. பையை இழுத்தெடுத்து, பேரீச்சம்பழத்தை ராத்தாவின் கையில் திணித்தேன்.

அந்த நிலையிலும் அவள் பழத்தை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைக் கோட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீங்க தின்னுங்க ராத்தா," என்று கத்திவிட்டேன். விமானமே திரும்பிப் பார்த்தது. இரண்டு பாதியையும் பிடுங்கி அவள் வாய்க்குள் நானே வைத்தேன். பிறகு டொபி ஒவ்வொன்றாக உரித்து ஊட்டினேன். வெகுநேரம் கழித்துத்தான் அவள் உதட்டில் நிறம் வந்தது. அதுவரை நான் குர்ஆனின் யாஸீன் ஸூராவை ஓதிக்கொண்டிருந்தேன், நடுநடுவே அவளை ஏசிக்கொண்டும் இருந்தேன்.

லண்டனில் மறுநாள் ஷஸ்னா வீட்டில் உட்கார்ந்து விமானக் கம்பனிக்கு முறைப்பாடு எழுதத் தொடங்கினேன். மணி அடித்தும் வரவில்லை, சீனி வருத்தக்காரிக்கு நேரத்துக்குச் சாப்பாடு இல்லை என்று ஃபோனில் காரசாரமாகத் தட்டிக்கொண்டு போனேன். ராத்தா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மணிக்கு வராததை எழுது. சாப்பாட்டை எழுதாத. அவங்க எனக்குத்தான் மொதல்ல கொண்டாந்தாங்க. இந்த வயசுக்கு நேத்துத்தான் ஒரு தட்டு எனக்கு மொதல்ல வந்திச்சி. எனக்குத்தான் அதத் திங்கத் தெரியல்ல."

ஃபோனை வைத்துவிட்டு எழும்பிப் போய், இடியப்பத்தில் சொதியை ஊற்றி முதல் தட்டை அவள் முன்னால் வைத்தேன். ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். போட்டாயிற்று என்றாள்.

பிறகு தலையைத் திருப்பி, மாடிப்படிப் பக்கம் பார்த்தாள்.

"ஸுஹைல் எறங்கி வரட்டும்," என்றாள்.