பாதி விலை விமானம்

என் மூத்த மகள் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கத்தில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று என்னைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஆறு மாதக் கைக்குழந்தையாக அவளை மலாக்காவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு வந்த இரண்டும் மலாக்கா ஆஸ்பத்திரியில் பிறந்தவை. காஜா பேராங் தெரு வீட்டில் மூன்றும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தன. மெர்டேக்கா என்று இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது மூன்றும் காகிதக் கொடி பிடித்துக்கொண்டு பண்டார் ஹிலிர் திடலுக்கு நடந்தன. கொடியை மடக்காமல் வீடு வரை கொண்டுவந்தவள் மூத்தவள் மட்டும்தான்.

சின்னவை இரண்டும் இந்த நாட்டுப் பிரஜைகள், அவள் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். பதிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். என் கணவர் பாரம்கூட வாங்கி வந்தார். வீட்டில் சாப்பிட்டுத் தூங்குகிற பிள்ளைக்கு என்ன அவசரம், பள்ளி லீவு வரட்டும் என்று அதை அலமாரியில் வைத்தவள் நான்.

நான் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்குமேல் தமிழில் படிக்க இங்கே வழியில்லை. திருச்சியில் என் அண்ணன் இருந்தார். அங்கே விடுதியோடு ஒரு பெண்கள் பள்ளியும் இருந்தது. பன்னிரண்டு வயதில் அவளை அனுப்பினோம். திரும்பி வர இரண்டு வருஷத்துக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். கெடு முடிவதற்குள் அவள் இந்த மண்ணில் கால் வைத்துவிட வேண்டும்.

இரண்டு வருஷம் போனது தெரியவில்லை. வருஷாந்திரப் பரீட்சை முடியும் நாளுக்கும் கெடுவுக்கும் நடுவில் ஒன்பது நாள்தான் இருந்தது. அந்த மாதக் கப்பல் பரீட்சைக்கு முன்பே கிளம்பிவிடும், அடுத்தது கெடுவுக்குப் பிறகுதான் வரும். மிச்சம் இருந்தது விமானம். பெரிய கம்பெனி விமானத்தில் போட்டுவிடலாம் என்றார் என் கணவர். அவர் ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. அவர் சம்பளமும் என் சம்பளமும் சேர்ந்தாலும் அது கனத்த தொகை. அப்போதுதான் தெங்கேராவில் ஜவுளியோடு கப்பல் டிக்கெட்டும் விற்கிற பாய், புதிதாக ஒரு சிறிய கம்பெனி மதராஸிலிருந்து கோலாலம்பூருக்குப் பாதி விலையில் ஆள் ஏற்றுவதாகச் சொன்னார்.

பாய் என்னை ஏமாற்றவில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

"டீச்சரம்மா, வெல கம்மிதான். ஆனா சீட்டு நெறைஞ்சாத்தான் பறப்பான். நெறையலன்னா ஒக்காந்துக்குவான்."

"எத்தனை நாள் ஒக்காருவான்?"

"அது அவனுக்கே தெரியாது."

நான் சிரித்தேன். ஒன்பது நாளில் மூன்று நாள் தள்ளிப் போனாலும் நேரம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவள்.

டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் மற்றவை வந்தன. முதலில் புறப்படும் தேதியே நாங்கள் நினைத்ததற்கு நான்கு நாள் தள்ளி, செவ்வாய்க்கிழமை என்று இருந்தது. கெடு வெள்ளிக்கிழமை. சாப்பாடு கிடையாது. மதராஸ் ஆபீசிலிருந்து விமானத் திடலுக்குப் போக பஸ்ஸுக்குத் தனிக் காசு. முப்பது ராத்தலுக்கு மேல் சாமான் இருந்தால் ராத்தலுக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியல். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு மகளுக்கு எழுதினேன்: இனி அங்கே திரும்பப் போகப்போவதில்லை, ஆகையால் படுக்கை, டிரங்குப் பெட்டி, புத்தகம் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடு, கட்டிய துணியும் மாற்றுத் துணியுமாக வா. சமர்த்தாக எழுதியதாகத்தான் அன்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை விமானம் பறக்கவில்லை. மகளோடு மதராஸுக்கு வந்திருந்த அண்ணன் தந்தி அடித்தார்: நாளை என்கிறார்கள். புதன்கிழமை மத்தியானம் பள்ளிக்கே இன்னொரு தந்தி வந்தது. இன்றும் இல்லை, நாளை பெரிய கம்பெனி விமானத்தில் ஓரிடம் இருக்கிறது, கடன் வாங்கி எடுக்கட்டுமா, உடனே பதில்.

தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு நேரே தெங்கேராவுக்குப் போனேன். பாய் துணி அளந்துகொண்டிருந்தவர் கோலை வைத்துவிட்டு வந்தார்.

"இன்னும் எட்டுச் சீட்டு காலியாம், டீச்சரம்மா. நாளைக்கு ஒரு கல்யாணக் கூட்டம் வருதாம். அவங்க வந்தா பறந்துருவான்."

"வருவாங்களா?"

"வருவாங்கன்னுதான் சொல்றான். நான் என்னத்த சொல்ல? ஒங்க புள்ள. நீங்க பாத்து முடிவு பண்ணுங்க."

"வேற விமானத்துல எடுத்தா இந்தக் காசு திரும்ப வருமா?"

"வராது. ஒரு காசு வராது."

அங்கிருந்து கிடங்குக்குப் போனேன். என் கணவர் ரப்பர் நாற்றத்தோடு வாசலுக்கு வந்தார். "எடுக்கச் சொல்லிடு. காசு போனாப் போவுது" என்றார்.

"ஒங்களுக்கென்ன சொல்லிட்டீங்க. சின்னவனுக்குப் பீஸ் கட்டணும். போன காசு போக இன்னும் ரெண்டு பங்கு வேணும். அண்ணன் யார்கிட்டப் போய்க் கை நீட்டுவாரு?"

"இன்னும் ரெண்டு நாள்தான இருக்கு."

"அதான் சொல்றேன். ரெண்டு நாள் இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். வீட்டு விஷயத்தில் நான் சொன்னால் அதோடு விட்டுவிடுகிற மனிதர். அன்றைக்கு மட்டும் விட்டிருக்க வேண்டாம்.

தபாலாபீசில் தந்திப் பாரத்தில் ஒரே சொல் எழுதினேன். காத்திரு. கிராணி சீனப் பையன், நல்லவன். இந்தக் கட்டணத்துக்கு இன்னும் பல சொல் எழுதலாம், எழுதுகிறீர்களா என்று மலாயில் கேட்டான். ஒன்று போதும் என்றேன்.

வியாழன் பறக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று நினைவில்லை. கல்யாணக் கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்ததாம். விமானம் சனிக்கிழமை காலையில் கிளம்பியது.

கோலாலம்பூர் விமானத் திடலில் மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். கெடு முடிந்துவிட்டதை அவளுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

மலாய் அதிகாரி சீட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். கடுமையான ஆள் இல்லை. என் கணவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "நேற்று வந்திருந்தால் நான் பார்த்திருக்கவே மாட்டேன், முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன்" என்று மலாயில் சொன்னார். எனக்கும் பெண் பிள்ளைகள் உண்டு என்றார். மேலே போன் செய்தார். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தே என் கணவர் எழுந்துவிட்டார். வந்த விமானத்திலேயே திரும்ப வேண்டும்.

அதற்கப்புறம் விமானக் கம்பெனி ஆள் வந்தான். தமிழ்ப் பையன், கழுத்தில் டை.

"திரும்பிப் போற டிக்கெட் யார் எடுக்கறீங்க?"

"ஒங்களாலதானப்பா பிள்ள லேட்டா வந்துச்சு" என்றார் என் கணவர்.

"டிக்கெட்டு பின்னால போட்டிருக்கு, பெரியவரே. தாமதத்துக்குக் கம்பெனி பொறுப்பில்ல. பாதி வெலையும் இப்பக் கெடையாது. அது முன்கூட்டி எடுக்கறவங்களுக்கு." அவள் கையிலிருந்த துணிப்பையை வாங்கித் தராசில் வைத்தான்.

"அங்க நிறுத்துத்தான ஏத்துனீங்க?" என்றேன்.

"அது அந்தப் பக்கம். இது இந்தப் பக்கம்."

முழுக் கட்டணமும் எங்களிடம் இல்லை. என் வளையல் இரண்டை அங்கேயே ஒரு செட்டியாரிடம் கொடுத்துப் பணம் வாங்கினோம். முகம் தெரியாத மனிதர், தன் மகளை வழியனுப்ப வந்தவர். வளையலை அவர் நிறுத்துப் பார்க்கவில்லை.

தடுப்புக்கு மேலே கைபிடித்துப் பேசக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். அவளுக்கென்று கட்டிக்கொண்டுவந்த நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பிரிக்காமல் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, படுக்கைய கூட்டாளிக்குக் குடுத்துட்டேன். இப்ப அவகிட்டப் போய் எப்படிக் கேக்கறது?"

"கேக்க வேணாம்மா. நான் அனுப்பறேன்."

"புதங்கிழமையே மாமா காசோட வந்தாங்க, அம்மா. யார்கிட்டயோ வாங்கிட்டு வந்துட்டாங்க. பெரிய விமானத்துல போயிடுன்னாங்க. நான்தான் மாட்டேன்னேன். அம்மா காத்திருன்னு தந்தி குடுத்திருக்காங்க, காத்திருக்கேன்னு சொல்லிட்டேன்."

என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொன்னபடி கேட்டேன் என்று சொன்னாள், அவ்வளவுதான். சின்ன வயதிலும் பலகையில் எழுதியதைச் சரிபார்க்கக் கொண்டுவந்து இப்படித்தான் நிற்பாள்.

என் கணவர் அவள் தலையில் கைவைத்தபடி நின்றார். அவரும் அதைக் கேட்டார். இன்று வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மெத்தையும் கம்பளியும் கப்பலில் அனுப்பினேன். போய்ச் சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை பாயில் படுத்தாளாம். அதை எழுதியது அண்ணன், அவள் இல்லை. நாங்கள் மனுப் போட்டோம். மேல்மனுவும் போட்டோம். பள்ளித் தலைவர், கோயில் தலைவர், ஊர்ப் பெரியவர் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். உங்கள் மனு கிடைத்தது என்று பதில் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே வாக்கியம், வேறு வேறு கையெழுத்து. அலமாரியில் அந்தப் பழைய பாரம் இன்னும் இருக்கிறது. ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது. பாய் பெருநாளுக்குப் பலகாரம் கொண்டுவந்தார். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

போன வாரம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. பரீட்சையில் வகுப்பில் இரண்டாவதாம். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். இங்கேயே மேல் வகுப்பில் பெயர் கொடுத்துவிடட்டுமா, இல்லை, இன்னும் காத்திருக்கட்டுமா, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன், அம்மா.

பதில் எழுதக் கடிதத்தாள் எடுத்து வைத்து ஏழு நாளாகிறது. அன்புள்ள மகளுக்கு என்பதோடு நிற்கிறது.