லைட்டு காட்டினாங்களா?

ஜெயந்தி அக்கா இறந்த செய்தி விக்கிரவாண்டியில், பேருந்தில் எனக்கு வந்தது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முந்தின நாள் மாலைதான் இருவரும் மருத்துவமனைப் படிகளில் ஒன்றாக இறங்கியிருந்தோம். விடியற்காலையில் மாரடைப்பாம்.

எங்கள் கண் மருத்துவமனைக்கு வந்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். சிகிச்சையை விளக்கித் தேதி கொடுக்கும் மேசை அவருடையது. டாக்டர் இல்லை, என்னைப் போல் கண் பரிசோதனை படித்தவரும் இல்லை. ஆனாலும் ஒருவருடைய பார்வை அவரால் தப்பியது. அதை நான்தான் சொல்லவேண்டும். அன்று தவறியது நான்.

வளைகுடாவில் ஓட்டுநராக இருந்த கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர், கண்ணாடி இல்லாமல் பார்ப்பதற்கான லேசர் சிகிச்சைக்கு வந்தார். பத்து நாளில் விமானம். படிவத்தில் உள்ளபடி, இதற்குமுன் கண்ணில் ஆபரேஷன் செய்ததுண்டா என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஜல்தி முடிச்சு வுடுங்க."

'இல்லை' என்று எழுதி அக்காவிடம் நீட்டினேன். அக்கா அதில் பவரை மட்டும் பார்த்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா பாய், பவர் இவ்ளோ இருக்குது, மூக்குல கண்ணாடித் தழும்பே காணோமே?"

"முன்ன போட்டேன். நடுவுல தேவைப்படல. இப்பதான் திரும்ப மங்குது."

"நடுவுல இன்னா பண்ணாங்க? லைட்டு காட்டினாங்களா?"

"ஆமா, அங்க ரெண்டு நிமிஷம் காட்டினாங்க. கத்தி எல்லாம் வெக்கல. அது ஆபரேஷனா?"

எங்கள் பக்கத்தில் ஆபரேஷன் என்றால் கத்தி, கட்டு, படுக்கை. ஆனால் அந்த 'லைட்டு'தான் கருவிழியைச் செதுக்கி மெலிதாக்கியிருந்தது. மிச்சம் போதாத இடத்தில் மறுபடி செதுக்கினால் கருவிழி வலுவிழந்து புடைத்துவிடலாம். பிறகு சாதாரணக் கண்ணாடியும் உதவாது. டாக்டர் எப்படியும் அளப்பார்தான். ஆனால் முன்கதை தெரியாவிட்டால் அளவுகளும் ஏமாற்றும். சிலருக்கு இரண்டாம் முறை செய்யலாம். இவருக்குக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"பேஜாரா பூடுச்சே! கண்ணாடி போட்டா மொதலாளி வேலைக்கு வெச்சுக்க மாட்டான்."

"கேட்டுப் பாத்தீங்களா?" என்றார் அக்கா.

"இல்ல."

"கேக்காமயே கண்ண குடுக்க வந்துட்டீங்க!"

அவர் சிரித்துவிட்டார். சில மாதங்கள் கழித்து, கண்ணாடியோடு வண்டியில் உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பினார். "நம்ம பாய் ஹீரோ கணக்கா இல்ல?" என்று அக்கா மருத்துவமனை முழுக்கக் காட்டினார்.

என்னிடம் அன்றே சொல்லிவிட்டார்: "இம்மாம் புக்கு படிக்கிற. எதுருல குந்திக்கினு இருக்கறவரு மூக்க படிக்க மாட்டியா?" பிறகு படிவத்தில் ஆபரேஷன் கேள்விக்குக் கீழே பேனாவால் ஒரு வரி எழுதினார்: லைட்டு காட்டினாங்களா? இதை முறையான தமிழில் அச்சடிக்கலாமே என்றார் டாக்டர். "அப்டி கேட்டா அதுக்கும் இல்லன்னுதான் சார் சொல்லுவாங்க."

அச்சடிக்கவில்லை. அந்தத் தாளையே நகலெடுத்து வருகிறோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது மூக்கைப் பார்க்கும் பழக்கமும் அந்த வரியும்தான். நேற்று முகையூரிலிருந்து வந்த பெண்ணிடம் ஆபரேஷன் பற்றிக் கேட்டேன். "இல்லீங்க" என்றாள். நான் பேனாவைத் தாளில் வைக்கவில்லை. அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்த அடுத்த வரியை அப்படியே வாசித்தேன்.

"ஆங், அது காட்டினாங்க" என்றாள்.