உப்பில்லாத ஆர்க்டிக்

வேனில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என்னோடு பேஸ்மென்டில் குடியிருந்த கோயம்புத்தூர்க்காரன், எங்கள் வீட்டுக்கார அண்ணை. இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவன் எங்கள் மூன்றாவது அறைவாசி. பயணத்தைத் திட்டமிட்டதே அவன்தான். எங்களில் லைசென்ஸ் வைத்திருந்ததும் அவன் ஒருவன்தான். கிளம்புகிற அன்று காலை, பக்கத்து ஊரான பிறம்ரனில் அவன் வேலை செய்யும் வேர்ஹவுஸில் கூடுதல் ஷிஃப்ட் கொடுத்தார்கள், போய்விட்டான். இன்னொருவர் அண்ணையின் மனைவி, அன்ரி. தன் கணவர் ஆர்க்டிக் போவது அவருக்குத் தெரியாது.

அண்ணைக்கே அது காலை ஏழு மணிக்குத்தான் தெரியும். மோர்னிங்சைடில் அவர் வீட்டு டிரைவ்வேயில் நாங்கள் இருவரும் மூட்டைகளோடு முழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"எங்கை தம்பியவை, விடியக் காலமை?"

"ஆர்க்டிக், அண்ணை. வண்டி ஓட்ட ஆள் இல்லாம நிக்கிறோம்."

"அங்கை என்ன கிடக்கு?"

"தண்ணி எடுக்கணும். ஒரு லிட்டர்."

அவர் சிரிக்கவில்லை. தன் டெலிவரி வேனை ஒரு முறை சுற்றி வந்தார். "முப்பது வருசமா உந்த நாட்டில இருக்கிறன். பாரிக்கு அங்காலை போனதில்லை" என்றார். பாரி என்பது ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊர். "நான் ஓடுறன். நில்லுங்கோ."

உள்ளே போய்க் குரல் கொடுத்தார். "இஞ்சரும், பிறம்ரனில நாலு நாள் டெலிவரி வந்திருக்கு. போட்டு வாறன்!" திரும்பி வரும்போது கராஜ் ஃப்ரீஸரிலிருந்து நாற்பது மட்டன் ரோல்ஸ் கொண்டுவந்தார். வடக்கே சாப்பாட்டை நம்பக் கூடாதாம். கோயம்புத்தூர்க்காரனிடம் தடித்த கோட் இல்லை என்பதால், கராஜில் தொங்கிய அன்ரியின் பழைய ரோஸ் நிறக் கோட்டையும் எடுத்துக் கொடுத்தார். அது அவனுக்கு முழங்காலுக்குக் கீழே வந்தது.

ஏன் சொல்லவில்லை என்று வழியில் கேட்டேன்.

"சொன்னால் அவவும் வெளிக்கிடுவா. வந்தால் ஹீற்றரைக் கூட்டு, ஹீற்றரைக் குறை எண்டு ஆயிரம் கிலோமீற்றரும் கதைப்பா."

இனி என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது சுற்றுச்சூழல் தொழில்நுட்பம். கடைசிப் பருவத்தில் ஒரு களப்பணிப் பாடம். குளிர்ப்பிரதேச நீர்நிலை ஒன்றிலிருந்து தண்ணீர் எடுத்து, உப்பின் அளவு முதலானவற்றைப் பதிவு செய்ய வேண்டும். படிவத்தில் உதாரணமாக மூன்று போட்டிருந்தார்கள்: ஆர்க்டிக் கடல், உறைந்த ஏரி, ஓடை. என் அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை. வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் நான்தான் படிப்பேன். அதில் என்ன போட்டிருக்கிறதோ அதைச் செய்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் முதலாவதாக எழுதியிருந்த ஆர்க்டிக் கடலுக்கு நேராக டிக் போட்டேன். மேடம் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் ஒரு சிரித்த முகமும் வரைந்திருந்தார். அதை நான் ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பில் மற்ற இருபத்தாறு பேரும் அவரவர் வீட்டுக்குப் பக்கத்து ஓடையை எழுதியிருந்தார்கள் என்பது, இடத்தை மாற்றும் கடைசி நாள் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பாடத்தில் தவறினால் இன்னொரு பருவம் உட்கார வேண்டும். இன்னொரு பருவத்துக்கான கட்டணம் என்னிடமும் இல்லை, வீட்டிலும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நிஜ ஆர்க்டிக்குக்கு விமானக் கட்டணம் பார்த்தோம். பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினோம். பிறகு எங்கள் மூன்றாவது அறைவாசிதான் வரைபடத்தில் கண்டுபிடித்தான். ஒண்டாரியோவின் வடக்கில் ஜேம்ஸ் விரிகுடா இருக்கிறது. அது ஹட்சன் விரிகுடாவின் வால். ஹட்சன் விரிகுடா ஆர்க்டிக் பெருங்கடலைச் சேர்ந்தது என்று சொல்வாரும் உண்டு. காக்ரேன் வரைக்கும் வண்டி, அங்கிருந்து ரயில், மூசனி என்ற ஊர். "அதே தண்ணிதான் மச்சான், கொஞ்சம் கீழ வந்திருக்கு" என்றான்.

முதல் நாள் முழுக்க வண்டியில் போனோம். காக்ரேனில் ஒரு அறை எடுத்து மூன்று பேரும் தங்கினோம். மறுநாள் ரயில். இரண்டு பக்கமும் குள்ளக் குள்ளமாக ஊசியிலை மரங்கள், ஐந்து மணி நேரமும் அதே மரங்கள். பொழுது போகாமல் கோயம்புத்தூர்க்காரன் போனில் அட்சரேகை பார்த்தான்.

"டேய், லண்டன் நாம போற ஊரைவிட வடக்க இருக்குதுடா."

"சும்மா இரும்" என்றார் அண்ணை. "என்ரை தங்கச்சி லண்டனில. போன கிழமை சாறியோட நிண்டு படம் அனுப்பினவள். அவள் எங்களுக்கு வடக்கையோ?"

"ஆமாண்ணா. கொஞ்சூண்டு."

அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கை அவரிடம் சொல்லாமல் ஆர்க்டிக்கில் குடியேறிவிட்டது போல அவர் முகம் இருந்தது.

மூசனியில் இறங்கியதும் மூக்குக்குள் முடி உறைந்தது. மைனஸ் முப்பத்திரண்டு. காலுறைக்கு மேல் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டு விடுதிக்கு நடந்தோம். அறைக்குள் நுழையவும் அண்ணையின் போன் அடித்தது. அன்ரியின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"எங்கையப்பா நிக்கிறியள்?"

"பிறம்ரனிலதான். சரியான ஸ்னோ."

"இஞ்சை மழையெல்லோ பெய்யுது!"

"பிறம்ரன் கொஞ்சம் வடக்கையெல்லே."

"அதுசரி, ஃப்ரீஸருக்கை கிடந்த ரோல்ஸ் எங்கை? சனிக்கிழமை ஓடருக்குச் செய்து வைச்சது."

அண்ணை போனைக் காதிலிருந்து எடுத்து, "சிக்னல் இல்லையப்பா, விளங்கேல்லை" என்று சொல்லிவிட்டு அணைத்தார்.

மறுநாள் காலை. மூசனி இருப்பது ஆற்றங்கரையில். கடல் இன்னும் இருபது கிலோமீட்டர். ஊர்க்காரர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், பனிவண்டிக்குப் பின்னால் மரச் சறுக்குப்பெட்டி கட்டி ஆள் ஏற்றிப் போவார் என்று விடுதியில் சொன்னார்கள். ஆளுக்கு நூறு டாலர் கேட்டார். எங்கள் கணக்கில் கடலுக்குப் போகும் செலவே கிடையாது. ரயிலை விட்டு இறங்கினால் கடல் என்று நினைத்திருந்தோம். அண்ணை முன்னால் போனார். விடுதி அடுப்பில் சூடாக்கிய ரோல்ஸ் ஒன்றை நீட்டினார். வண்டிக்காரர் கடித்தார், மென்றார், உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது என்ன இறைச்சி? மூஸ் மானா?"

"கோட்" என்றார் அண்ணை, ஆடு என்பதை ஆங்கிலத்தில், மார்பில் கை வைத்து.

மூன்று பேருக்குமாக நூற்றைம்பது டாலரும் இருபது ரோல்ஸும் என்று முடிந்தது. ரோஸ் கோட்காரன் பெட்டியின் நடுவில்தான் உட்கார வேண்டும் என்று வண்டிக்காரர் ஒரு நிபந்தனையும் போட்டார். பனிப்புகையில் பின்னால் திரும்பிப் பார்த்தால் ஆட்கள் விழுந்துவிட்டார்களா என்று அந்த நிறம் காட்டிக்கொடுக்குமாம்.

ஒரு மணி நேரம் எலும்பெல்லாம் குலுங்கியது. எங்கேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை. திடீரென்று வண்டியை நிறுத்தி, "இதுதான்" என்றார்.

"எது?"

"கடல்."

சுற்றிலும் பார்த்தோம். வந்த வழிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவர் இயந்திரத் துரப்பணத்தை வைத்து ஐஸைத் துளைத்தார். ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பிறகு கறுப்பாகத் தண்ணீர் பொங்கி வந்தது. கல்லூரியில் இரவல் வாங்கிய உப்பளக்கும் கருவியை எடுத்தேன். குளிரில் அதன் திரை செத்துக்கிடந்தது.

"உதைக் கமக்கட்டுக்கை வை" என்றார் அண்ணை. கருவியை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, பாட்டிலில் தண்ணீர் மொண்டேன். காத்திருக்கப் பொறுமை இல்லை. உப்பளத்துக்காரன் பிள்ளை, விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

இன்னொரு முறையும் வைத்தேன்.

"என்றா?" என்றான் கோயம்புத்தூர்க்காரன்.

"உப்பே இல்ல."

அண்ணை கையால் அள்ளி ஒரு வாய் குடித்தார். "உது நல்ல தண்ணியெல்லோ! தேத்தண்ணி போடலாம்."

வண்டிக்காரர் இரண்டாவது ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டே நிதானமாக விளக்கினார். ஆறு இங்கே வந்துதான் கலக்கிறது. குளிர்காலத்தில் ஐஸுக்கு அடியில் ஆற்றுத் தண்ணீர் வெகுதூரம் போகும். உப்பு வேண்டுமென்றால் இன்னும் ஒரு நாள் ஓட வேண்டும்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"நீங்கள் கடல் கேட்டீர்கள். உப்பு கேட்கவில்லை."

அக்குளிலிருந்து எடுத்த கருவி உயிர் வந்து காட்டியது: பூஜ்ஜியம் புள்ளி மூன்று. கடலென்றால் லிட்டருக்கு முப்பது கிராமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும்.

விடுதிக்குத் திரும்பியதும் கோயம்புத்தூர்க்காரன் கோட் பையிலிருந்து மேசைமேல் சின்னச் சின்ன உப்புப் பொட்டலங்களைக் கொட்டினான். போகிற வழியில் சாப்பாட்டுக் கடைகளில் எடுத்தவை. "பதினொண்ணு இருக்குது. முப்பது வராது. ஆனா, உப்பு கம்மியான ஆர்க்டிக்னு சொல்லிக்கலாம்."

நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வதைவிட, ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன் என்பதே சரி. அப்போதுதான் அப்பா வீடியோவில் கூப்பிட்டார். அங்கே இரவு ஒன்பதரை, தூங்கப் போகும் நேரம்.

"என்னல, கடல் பாத்தியா?"

"பாத்தேன்பா. உப்பே இல்ல."

அப்பா போனைத் தள்ளிப் பிடித்து என்னைப் பார்த்தார். "ஏளா, இங்க வா. இவன் போன கடல்ல உப்பு இல்லையாம்."

அம்மாவின் முகம் பாதி தெரிந்தது. "ஏமாத்திட்டானுவளா, தம்பி?"

"கையில என்னது அது?" என்றார் அப்பா.

மறைக்கத் தெரியவில்லை. காட்டினேன். விஷயத்தையும் சொன்னேன். அப்பா பொட்டலத்தைப் போனுக்கு அருகே கொண்டுவரச் சொன்னார்.

"தூளு உப்பு. அயோடின் போட்டது. கட்டியாவாம இருக்க அதுல மருந்து வேற கலப்பானுவ. நாக்குல வச்சா தெரிஞ்சிரும்ல. உங்க டீச்சர் வச்சுப் பாக்க மாட்டாவளா?"

"அவங்க மெஷின்ல பாப்பாங்கப்பா."

"மிஷினுக்கு மட்டும் தெரியாதா? கல்லுப்பு கிடைக்காதோ?"

பக்கத்திலிருந்த அண்ணை தலையை நீட்டினார். "ஐயா, என்ரை வேனுக்கை ஒரு மூட்டை கல்லுப்புக் கிடக்கு. ஸ்னோ உருகுறதுக்குப் போடுறது."

"யாருல அது?"

"வீட்டுக்காரர்ப்பா."

"நல்ல மனுசனா இருக்காரு. உப்பு வச்சிருக்காரே" என்றார் அப்பா. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர் போல, "உப்பு இல்லன்னா அது கடல் இல்லல. குளம். குளம்னு எழுதிட்டு வா" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அம்மா அரை மணி நேரம் குல்லா போடச் சொன்னார்.

சாயங்கால ரயிலில் காக்ரேன் திரும்பினோம். மறுநாள் காலை வேனில் ஏறினால், நான் உட்காரும் இடத்தில் காலுக்கடியில் அந்த மூட்டை. இருபது கிலோ கல்லுப்பு. அதன்மேல் கால் வைத்து, மடியில் பாட்டிலை வைத்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் வர வேண்டும். நார்த் பேயில் பெட்ரோல் போட நிறுத்தியபோது மற்ற இருவரும் கழிப்பறைக்குப் போனார்கள். மூட்டையின் வாயை அவிழ்த்தேன். பாட்டிலின் மூடியையும் திறந்தேன். முப்பது கிராம் அள்ளினேன்; அது எவ்வளவு என்று என் கைக்குத் தெரியும், தராசு வேண்டாம்.

மாதிரிப் படிவம் கதவுப் பையில் செருகியிருந்தது. அதன் அடியில் 'மாதிரி எடுத்தவர் கையொப்பம்' என்ற கோடு. எங்கள் வீட்டில் எல்லாக் காகிதத்திலும் இதுவரை விழுந்தது கட்டைவிரல்தான். விரல் வைக்கிறவருக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, அவர்மேல் குற்றமில்லை. நான் படித்துவிட்டுப் போட வேண்டும். உப்பை மூட்டைக்குள் போட்டுவிட்டு, கருவி காட்டியதை எழுதி, குளிரில் மை இறங்காத பேனாவை ஊதி ஊதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்த அண்ணை பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"போட்டாச்சோ?"

"இல்ல அண்ணை."

"விசரா" என்றார், பைத்தியக்காரா என்று அர்த்தம். வண்டியை எடுத்தார்.

அறிக்கையை நானே எழுதினேன். மாதிரி எடுத்த இடம் ஆற்று முகத்துவாரம், உப்பு பூஜ்ஜியம் புள்ளி மூன்று, எனவே இதைக் கடல்நீர் என்று சொல்வதற்கில்லை என்று முடித்தேன். குளம் என்று எழுதத் தைரியம் வரவில்லை. இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. தேர்ச்சிக்கு அறுபது வேண்டும். அறுபத்தொன்று வந்தது. ஓரத்தில் மேடம் எழுதியிருந்தார்: 'மாதிரி சுத்தமாக எடுக்கப்பட்டிருக்கிறது. முடிவு நேர்மையானது. ஆனால், ஏன்?'

அதைக் கொண்டுபோய் மேலே அண்ணை வீட்டில் காட்டினேன். அண்ணை கண்ணாடியைப் போட்டு அந்தக் கடைசி வார்த்தையை இரண்டு முறை வாசித்தார். காணாமல் போன ரோல்ஸை விசாரித்ததில் எல்லாம் தெரிந்துகொண்டிருந்த அன்ரி அடுப்படியிலிருந்து, "நானும் உதைத்தான் கேக்கிறன்" என்றார். பிறகு எல்லோருமாக உட்கார்ந்து கூட்டினோம். ரயில், மூன்று இரவு அறை, பெட்ரோல், பனிவண்டி, நாற்பது ரோல்ஸுக்கு அன்ரி போட்ட விலை. கூட்டியதில் தப்பு இருக்குமோ என்று கோயம்புத்தூர்க்காரன் மறுபடி கூட்டினான். தப்பில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு, மூன்று பேருக்குமாக ஆயிரத்து முன்னூற்று எண்பத்தேழு டாலர்.