டிஃபென்ஸ் மேசை மெஹர் அக்கா

திங்கட்கிழமை காலை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் இருந்தேன். செம்மங்குப்பம் தாண்டியபோது எங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செல்வியின் குரல் செய்தி வந்தது. "சார், மெஹர் அக்கா காலையில தொழுதுட்டு உக்காந்தவுங்க எழுந்திரிக்கவே இல்லையாம். நாங்க லால்பேட்டைக்குக் கெளம்புறோம். நீங்க நேரா வந்துருங்க." போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். திங்கட்கிழமைதான் எங்களுக்கு வேலை குவியும் நாள். மற்ற வாரங்களில் நான் படியேறும்போது அவர் முதல் ஆட்டத்தின் வீடியோவைப் பாதி பார்த்து முடித்திருப்பார்.

மெஹருன்னிசா அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் அவருடைய லால்பேட்டைச் சொந்தக்காரர்களில் பலர் அவர் என்ன வேலை பார்த்தார் என்று அன்றும் என்னிடம் கேட்டார்கள். ஆகவே சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் வீடியோ அந்நாட்டிலிருந்து எங்களுக்கு வரும். முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, ஒருவர் மேல் ஒருவர் விழுவார்களே, அந்த ஆட்டம். ஒவ்வொரு துண்டுப் படத்தையும் பார்த்து, யார் எங்கே நின்றார், யார் யாரைத் தடுத்தார் என்று குறித்து அனுப்ப வேண்டும். அங்குள்ள தொழில்முறை அணிகள் அதை வைத்துத்தான் அடுத்த ஆட்டத்துக்குத் திட்டம் போடும், ஆள் எடுக்கும், ஆளை விடும். பந்தை முன்னேற்றும் பக்கத்தைக் குறிப்பது என் மேசை. தடுக்கும் பக்கம், அதாவது டிஃபென்ஸ், அக்காவுடையது. எங்களில் ஒருவர்கூட அந்த மைதானத்தை நேரில் பார்த்ததில்லை.

நேர்முகத் தேர்வுக்கு அவர் வந்த நாள் நினைவிருக்கிறது. கணிதம் படித்தவர். கணவர் சலீம் மாமா குவைத்திலிருந்து திரும்பி வந்தபின் வேலைக்குப் போக முடிவெடுத்திருந்தார். மேலாளர் ஒரு துண்டுப் படத்தைப் போட்டு, "என்ன தெரியுது?" என்று கேட்டார். வந்தவர்கள் எல்லாரும் பந்து யார் கையில் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அக்கா இரண்டு முறை போடச் சொல்லிவிட்டு, "கடைசியில தனியா ஒருத்தர் நிக்கிறாரே, அவரு யாருங்க? மத்தவுங்க எல்லாம் அவரைத் திரும்பித் திரும்பிப் பாக்குறாங்க," என்றார். அந்த இடத்தில் நிற்பவரை சேஃப்டி என்பார்கள். தடுப்பின் கடைசி ஆள். அன்றே அவருக்கு வேலை உறுதியாகிவிட்டது.

எனக்கும் அவருக்கும் தினமும் வாக்குவாதம் நடக்கும். தடுப்பில் இரண்டு வழி உண்டு. எதிரணியில் ஒவ்வொருவர் பின்னாலும் ஓர் ஆளை ஓடவிடுவது ஒன்று. ஆளுக்கு ஓர் இடத்தைப் பிரித்துக் கொடுத்து, அங்கே யார் வந்தாலும் தடுக்கச் சொல்வது இன்னொன்று. முதல் வழிதான் வீரம் என்பது என் கட்சி. ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் அக்கா டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டுப் பேசினார். "சபா, எங்க ஊரு கல்யாணத்துல சஹன் சாப்பாடு பாத்துருக்கீங்கல்ல? ஒரு தட்டச் சுத்தி நாலஞ்சு பேரு உக்காருவாங்க. பரிமாறுற பசங்க ஒவ்வொரு விருந்தாளி பின்னாடியும் நின்னா என்னா ஆவும்? ஒருத்தன் மேல ஒருத்தன் முட்டிக்குவான். உனக்கு இந்த வரிசை, உனக்கு அந்த வரிசைன்னு பிரிச்சுட்டா? எவன் எழுந்து எங்க போய் உக்காந்தாலும் அவனுக்குக் கறி வந்துரும்." புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் நாள் முழுக்கப் படம் போட்டு விளக்கியும் புரியாமல் இருந்தது அந்த ஒரு சாப்பாட்டில் புரிந்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. "கறி ஜாஸ்தி வேணும்னு ஒருத்தன் கேட்டா?" என்றேன். "அதுக்குத்தான் கடைசியில ஒரு பெரியவரு நிக்கிறாரு," என்றார்.

ஒரு பருவத்தில் ஓர் அணியின் தடுப்பு வீரர்கள் அடுத்தடுத்துக் காயம்பட்டு உட்கார்ந்துவிட்டார்கள். குறைந்த சம்பளத்தில் ஒரு சேஃப்டி தேடினார்கள். அணி இல்லாமல் இருந்த சில வீரர்களின் பழைய ஆட்டங்கள் எங்களுக்கு வந்தன. அதில் ஒருவரை அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அவர் யாரையும் வீழ்த்துவதில்லை, பந்தைப் பறிப்பதில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கும் முன் கையை ஆட்டி மற்றவர்களை நகர்த்துவார். எதிரணி அந்தப் பக்கமே பந்தை எறியாது. நாங்கள் நிரப்பும் கட்டங்களில் இதற்கு இடமே இல்லை. "சும்மா நிக்கிறவருன்னு கணக்குல வந்துரும், பாவம்," என்று சொல்லி, குறிப்புப் பகுதியில் ஒரு பத்தி எழுதிவிட்டார். கேட்டதை மட்டும் கொடுத்தால் போதும், தேவையில்லாமல் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று நான் தடுத்தும் பார்த்தேன். கேட்கவில்லை. மறுநாள் அங்கிருந்து பதில் வந்தது. நன்றி, எங்களுக்கும் அது தெரியும், அதனால்தான் அவர் படத்தை அனுப்பினோம் என்று எழுதியிருந்தார்கள். அக்கா வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் சரியாத்தான் பாத்துருக்கேன்!" கீழேயிருந்து எல்லாருக்கும் டீ வந்தது. அந்த வீரரை அவர்கள் எடுத்தார்கள். அதன்பின் அந்த அணி ஆடிய ஆட்டமெல்லாம் அக்காவின் கணினிக்குத்தான் போகவேண்டும் என்பது எழுதப்படாத விதியாயிற்று.

அவரோடு நான் உண்மையாகவே சண்டை போட்டது ஆள் குறைப்பின்போது. வேலையில் ஒரு பகுதியை இயந்திரமே செய்யத் தொடங்கியிருந்தது. இரண்டு மேசையையும் ஒன்றாக்கி, பாதிப் பேரை வைத்துக்கொள்ளும்படி மேலாளர் எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டார். என் மேசையில் பிரபு என்றொரு பையன். அவன் வேகத்துக்கு அந்த மாடியில் யாரும் இல்லை. அக்கா அவன் பெயரை விட்டுவிட்டு கோவிந்தனை வைத்துக்கொள்ளலாம் என்றார். கோவிந்தன் மெதுவானவர், மங்கலம்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பம்.

"பரிதாபப்படுற நேரமா அக்கா இது?" என்று கத்தினேன்.

"பரிதாபம்னு யாரு சொன்னா? பிரபுவுக்கு உங்க பக்கம் மட்டுந்தான் தெரியும். கத்துக்கச் சொன்னா மாட்டேங்குறான். கோவிந்தன் ரெண்டு பக்கமும் பாப்பாரு, அடுத்தவுங்க தப்பையும் பாப்பாரு. ஒரே ஸ்டாரை நம்பி மத்த எடத்தையெல்லாம் ஓட்டையா வுடுற டீமுங்க என்னா ஆவுதுன்னு நாம தெனமும் பாத்துக்கிட்டுத்தான சபா இருக்கோம்?"

என் கோபம் தணியவில்லை. பிரபுவிடம் மேலாளர் சொல்லட்டும் என்றேன். "நம்ம புள்ளைக்கு நாமதான் சொல்லணும்," என்று மேலவீதி டீக்கடைக்கு அவனை அழைத்துப்போய் அவரே சொன்னார். புதுச்சேரியில் ஒரு வேலைக்கும் பேசி வைத்திருந்தார். அவன் டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டான். "நல்லாத் திட்டிட்டான். திட்டட்டும், அவன் எடத்துல நான் இருந்தாலும் திட்டுவேன்," என்றார் திரும்பி வந்து. கண் சிவந்திருந்தது. சீக்கிரமே அவனுக்குச் சென்னையில் நல்ல வேலை அமைந்தது. வெகுநாள் எங்கள் இருவரிடமும் பேசாமல் இருந்தவன், கல்யாணப் பத்திரிகையை முதலில் அக்கா வீட்டில்தான் கொண்டுபோய் வைத்தான்.

எஞ்சியவர்களை அக்கா உட்காரவே விடவில்லை. இந்த வாரம் தடுப்பு பார்த்தவர் அடுத்த வாரம் என் பக்கம் பார்க்க வேண்டும். எல்லாரும் முணுமுணுத்தார்கள், நானும்தான். அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. அமெரிக்காவில் விடுமுறை வாரம், ஆட்டங்கள் அடுத்தடுத்து. கடலூரில் என் தெருவில் மரங்கள் விழுந்து கிடந்தன. பேருந்து இல்லை. வீராணம் பக்கம் தண்ணீர் ஏறி அக்காவாலும் வர முடியவில்லை. சிதம்பரத்திலேயே தங்கியிருந்த சிலர்தான் அலுவலகம் போனார்கள். கோவிந்தனும் செல்வியும் அதில் உண்டு. நான் பதறிப்போய் அவர்களைக் கூப்பிட முயன்றேன். அதற்குள் அக்காவின் அழைப்பு வந்தது. "சபா, அவுங்களுக்கு போன் பண்ணாதீங்க. நாம பண்ணா பயந்துருவாங்க. வுடுங்க, செய்வாங்க."

செய்தார்கள். ஜெனரேட்டர் ஓட, இரண்டு பக்க வேலையும் குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது. தண்ணீர் வடிந்து நாங்கள் திரும்பியபோது அமெரிக்காவிலிருந்து வழக்கமான ஒற்றை வரி நன்றி வந்திருந்தது. அங்கே யாருக்கும் புயல் அடித்ததே தெரியவில்லை. அக்கா அதை உரக்கப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நாம ரெண்டு பேரும் இல்லேன்னே அவுங்களுக்குத் தெரியல சபா!" ஒரு பொறுப்பாளர் தன்னுடைய இன்மையை அவ்வளவு கொண்டாடி நான் பார்த்ததில்லை.

லால்பேட்டையில் அன்று மாலை ஜனாஸா தொழுகை முடிந்து அடக்கம் நடந்தது. நானும் ஒரு பிடி மண் போட்டேன். பிரபு சென்னையிலிருந்து வந்திருந்தான். கோவிந்தனும் அவனும் ஒரே பைக்கில் திரும்பினார்கள். சலீம் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிரிக்கெட் பாக்கும்போதுகூட யாரு எங்க நிக்கிறாங்கன்னுதான் பாப்பா. எவன் ரன் எடுத்தான்னு கேட்டா தெரியாதும்பா," என்றார். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். துக்க வீட்டு வாசலில் அப்படிச் சிரித்தது எங்கள் இருவருக்குமே தவறாகப் படவில்லை. அக்கா தனக்குப் பிடித்த வேலையைச் செய்து, பிடித்த மனிதர்களோடு இருந்து, நிறைவாகப் போயிருக்கிறார்.

அவரிடமிருந்து எனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்கிறேன். தினமும் மாலை தோளில் பையை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு யாரு வர மாட்டீங்க?" என்று கேட்பார். யார் வருவீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவர் கேட்கும் விதத்தில் யாருக்கும் விடுப்புச் சொல்லத் தயக்கம் இருக்காது. செவ்வாய்க்கிழமை மாலை எல்லாரும் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் எழுந்து அந்தக் கேள்வியைக் கேட்டேன். கோவிந்தன் கையைத் தூக்கினார். மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.

"வீட்டுல இருங்க கோவிந்தன்," என்றேன். "நாங்க பாத்துக்குறோம்."