கிணற்றடிப் படமும் ஆபரேட்டர் மாரப்பனும்

ஆபரேட்டர் மாரப்பன் காலமாகிவிட்டார். காலையில் சோமனூரிலிருந்து அவர் மகள் போன் செய்தார். மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம்.

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. தொண்ணூறுகளில் கோவையில் எங்கள் திரைப்படச் சங்கம் ஞாயிறு காலைக் காட்சி நடத்திய தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவர்.

சங்கத்தில் பெரும்பாலும் பேராசிரியர்கள். நான் எட்டாவது படித்து, பட்டறையில் லேத் ஓட்டியவன். சினிமாவை நானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதை அவர்கள் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை... அது கிடக்கட்டும்.

ஒரு ஞாயிறு வந்தது அந்தக் கிணற்றடிப் படம். ஒரு தோட்டம், ஒரு வயதான புருஷன், பெண்டாட்டி. பேச்சே கிடையாது. கேமரா வைத்த இடத்திலேயே இருக்கும்.

தெரியாமல் டிக்கெட் எடுத்து வந்த ஒருவர் பின்னாலிருந்து கத்தினார். "ஏனுங்க ஆபரேட்டரே, படம் நின்னுபோச்சுங்களா?"

மேலே புரொஜெக்டர் ஓட்டையிலிருந்து மாரப்பனின் பதில் வந்தது. "ஓடீட்டுத்தானுங்க இருக்குது. அவிய மெதுவாத்தான் நடப்பாங்க."

பாதிப் படத்தில் அந்த அம்மா இறந்துவிடுகிறாள். தூக்கிக்கொண்டு போகிறார்கள். அடுத்த ரீலில் அதே அம்மா கிணற்றில் தண்ணீர் சேந்துகிறாள். ஒரு விளக்கமும் இல்லை. புருஷன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நான் அதைப் பற்றிச் சங்கத்து இதழில் மூன்று பக்கம் எழுதினேன். போனவள் சும்மா திரும்பி வருகிறாள், அதுதான் படம் என்று.

இதழ் வந்த வாரம் உக்கடத்து டீக்கடையில் மாரப்பன் பிடித்துக்கொண்டார். "நீங்க எளுதுனதப் படிச்சேனுங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா அது நான் தப்பா மாட்டுனதுங்க. நாலாம் ரீலும் அஞ்சாம் ரீலும் டப்பா மாறிக் கெடந்துச்சு. அந்தம்மா தண்ணி சேந்தறது மொதல்லீங்க. சாகறது அப்பறம்."

"இல்லீங்க. படமே அப்பிடித்தான்."

"என்னங்க இது... ஓட்டுனவன் நானுங்க!"

"பாத்தவன் நானுங்க."

டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் செயலாளர் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "நம்ம லேத்துக்காரர் டப்பா மாறுனதுல தத்துவம் கண்டுபுடிச்சுட்டாருங்க." அன்றோடு சங்கத்துக்குப் போவதை நிறுத்தினேன்.

மாரப்பன் வீடு தேடி வந்தார். டப்பா மாறியதைச் செயலாளரிடம் தான் சொல்லப்போய்த்தான் இப்படி ஆகிவிட்டது என்று வருத்தப்பட்டார். நான் டீ போட எழுந்தேன்.

"நீங்க ஏனுங்க... ஊட்டுல அம்மிணி இல்லீங்களா?"

"சித்திரையில தவறிப்போயிட்டாங்க."

படம் வந்தது ஆடியில். அவர் மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். டீயைக் குடித்தார், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார், போனார்.

அடுத்த வருஷம் அதே படம் மறுபடியும் வந்தது. பட்டறைக்குப் போன் செய்தார். "வாங்க. டப்பாவெல்லாம் நானே பாத்து அடுக்கி வெச்சுருக்கறேன்."

சரியான வரிசையில் ஓட்டி என்னை மடக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். விடக்கூடாது என்று போனேன்.

அந்த அம்மா இறந்தாள். தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த ரீல்... கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

திரும்பி மேலே பார்த்தேன். ஓட்டையில் அவர் முகம் தெரிந்தது.

படம் முடிந்ததும் கீழே இறங்கி வந்தார். செயலாளர் காதில் விழும்படியே சொன்னார். "போன தடவ நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்க. இவுரு எளுதுனதுதான் செரி. படமே அப்பிடித்தானுங்க."

மாரப்பனுக்குத் தெரியும் அது பொய் என்று. எனக்கும் தெரியும்.

இன்றுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று. சாவு ரீலில் அந்தப் புருஷன் உள்ளங்கையில் ஒரு துணிக்கட்டு இருக்கும். கிணற்று ரீலின் கடைசியில் அவன் எழுந்துபோய் அவளிடமிருந்து கயிற்றை வாங்கி இழுக்கும்போதுதான் அது அறுத்து அந்தக் காயம் படுகிறது. லேத் ஓட்டியவன் முதலில் கையைத்தான் பார்ப்பான். முதல் தடவையே பார்த்துவிட்டேன். மூன்று பக்கத்தில் அதை மட்டும் எழுதவில்லை.

பிறகு எத்தனையோ தடவை டீக்கடையில் சந்தித்தோம். அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நன்றி என்றுகூட நான் சொன்னதில்லை.

பழைய சங்கத்துக்காரர்கள் இதைப் படித்தால் படிக்கட்டும். கேட்டால் இப்போதும் அதையேதான் சொல்வேன்... படமே அப்படித்தான்.

ஒரு மணிக்குச் சோமனூர் பஸ் இருக்கிறது. வாரேனுங்க, மாரப்பன்.