மியூட் போடுறதுக்கு முன்னாடி சொன்ன ‘சரி’

மேனேஜர் உத்தியோகத்துல கையால செய்யுற வேலை எதுவுமில்ல, எல்லாம் வாயாலதான். என் வாய்லயோ ‘சரி’யத் தவிர வேற எதுவும் வராது.

ப்ராஜெக்ட் மேனேஜரா இருந்து நொந்துபோனவங்களுக்கு இதை விளக்கணுமா என்ன? படூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸ். என் டீம்ல எட்டு பேர். அதுல டெஸ்டிங் பாத்த கௌசல்யா மதுராந்தகத்துக்காரங்க. என் தப்பை மூஞ்சிக்கு நேரா சொல்ற ஒரே ஆள். இப்ப அவங்க சீட்டு காலி. காலையில வந்ததும் என் கண்ணு அங்கதான் போகுது.

முதல்ல வாக்கு

க்ளையன்ட் போன்ல ஏதாவது கேட்டா, மியூட் போட்டுட்டு டீமைக் கேக்கணும், அப்புறம் பதில் சொல்லணும். ஊரு உலகத்துல அதான் வழக்கம். நான் “பண்ணிடலாம்”னு சொல்லிட்டு, அப்புறம் மியூட் போட்டு, “முடியுமா?”ன்னு திரும்பிக் கேப்பேன். எட்டு பேரும் என்னையே பாப்பாங்க.

ஒருநாள் கௌசல்யா பொறுக்க முடியாம கேட்டாங்க: “இன்னா சார் இது, தாலி கட்டிட்டுப் பொண்ணு பாக்கப் போறீங்க?”

கடற்கரையில் பயிற்சி

‘முடியாது’ன்னு சொல்லப் பழக, கம்பெனி என்னை மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்கு ரெண்டு நாள் அனுப்புச்சு. கண்ணைப் பாத்து, குரலை உயர்த்தாம, சிரிச்ச முகமா மறுக்கணுமாம். வகுப்புல நான்தான் முதல் மாணவன். சாயங்காலம் மணல்ல நடக்கப் போனேன். சிப்பி மாலை விக்கிறவர் ஒருத்தர் வழி மறிச்சார். கண்ணைப் பாத்தேன், சிரிச்சேன், எட்டு மாலை வாங்கிட்டேன்.

அவரே பாவப்பட்டுச் சொன்னார்: “அண்ணாத்த, உன்னாட்டம் நாலு பேரு வந்தா நான் மத்தியானமே வூட்டுக்குப் போய்டுவேன்.”

டீமுக்கு ஆளுக்கொண்ணு குடுத்தேன். கௌசல்யா மட்டும் அதை மானிட்டர் மேல மாட்டி வெச்சாங்க. இன்னும் அங்கேயேதான் தொங்குது.

வளைகாப்பு

அவங்க அக்காவுக்கு மதுராந்தகத்துல ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. என் ‘சரி’யால ஞாயித்துக்கிழமையும் வேலை வர்றது வழக்கம்ங்கிறதால, ஒரு மாசம் முன்னாடியே அன்னிக்கு லீவு கேட்டாங்க, சந்தோஷமா குடுத்தேன். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, வெள்ளிக்கிழமை, க்ளையன்ட் போன்ல ஒரு புது வேலையைச் சொல்லி, திங்கக்கிழமைக்குள்ள வேணும்னார். பழைய புத்தி, “பண்ணிடலாம்”னுட்டேன். மியூட் போட்டுத் திரும்பினேன். கௌசல்யா மானிட்டர் பக்கம் திரும்பி வேலையைத் தொடங்கிட்டாங்க. அது எனக்கு இன்னும் வலிக்குது. திட்டியிருந்தா தேவலை.

ஞாயித்துக்கிழமை பட்டுப்புடவையிலயே ஆபீஸ் வந்தாங்க. மானிட்டர்ல போனைச் சாய்ச்சு வெச்சு, அக்கா கைக்கு வளையல் அடுக்குறதை வீடியோல பாத்துக்கிட்டே வேலை செஞ்சாங்க. அடுத்த வாரம் ராஜினாமா. காரணம் கேட்டேன்.

“லீவு குடுத்தவரும் நீங்கதான், புடுங்குனவரும் நீங்கதான். நடுவுல என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்.”

அந்த வார்த்தை

போன வாரம் அதே க்ளையன்ட், அதே மாதிரி அவசரம். டீம்ல ஒருத்தருக்கு அந்த வாரக் கடைசியிலதான் வீட்டுக் கிரகப்பிரவேசம். என் விரல் தானா மியூட்டுக்குப் போச்சு. முதல்ல டீமைக் கேட்டேன். அப்புறம் மியூட்டை எடுத்து, “இந்த வாரம் முடியாதுங்க, அடுத்த புதன்கிழமை தர்றோம்”னேன். க்ளையன்ட் சரின்னுட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டார். அடப்பாவி, இவ்வளவுதானா! இதுக்கா ஒரு நல்ல ஆளைத் தொலைச்சேன்?

பழக்கதோஷத்துல அந்தச் சீட்டைத் திரும்பிப் பாத்தேன். சிப்பி மாலைதான் இருந்துச்சு. மத்தியானம் மனசு கேக்காம கௌசல்யாவுக்கே போன் போட்டேன். கதை முழுக்கக் கேட்டுச் சிரிச்சாங்க. அக்கா பையன் இப்ப தவழுறானாம். தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, மன்னிப்பு கேட்டேன், திரும்பி வர்றீங்களான்னும் கேட்டேன்.

“க்ளையன்ட்கிட்ட இந்த ‘முடியாது’வை அன்னிக்கு சொல்லிருந்தீங்கன்னா, பக்கத்துல உக்காந்து நானே கை தட்டிருப்பேன். இப்ப முடியாது சார்.”

கண்ணைப் பாக்காமலே, குரலை உயர்த்தாம, சிரிச்ச முகமாத்தான் சொல்லியிருப்பாங்கன்னு போன்லயே தெரிஞ்சுது. ரிசார்ட்டுக்கு அனுப்பாமலே அவங்களுக்கு அது வந்துச்சு.