கீழ்வீட்டுக்காரிக்காகப் பார்த்த மெஷின்

எங்கள் குடியிருப்பில் யார் மிக்ஸி வாங்கினாலும், கிரைண்டர் வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். தாம்பரத்தில் ஒரு சர்வீஸ் சென்டரின் புகார் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். குப்பையைக் குப்பை என்று சொல்லிவிடுவேன். வாய் மோசம்தான். ஆனால் என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் யாரும் ஏமாந்ததில்லை.

அந்த நம்பிக்கையில்தான் கீழ்வீட்டுக்காரியும் வந்தாள். மொட்டைமாடியில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, செல்போனை நீட்டினாள்.

"அக்கா, இது நல்லதான்னு பாருங்களேன்."

மசாஜர் என்று போட்டிருந்தது. லிப்ஸ்டிக்கைவிடக் கொஞ்சம் பெரிது. பெண்கள் தங்கள் சுகத்துக்காக, தனியாக இருக்கும்போது வைத்துக்கொள்கிற சாமான் அது. விலையும் அதிகமில்லை. அவள் முகம் சிவந்திருந்தது. நாற்பது தாண்டியவள், புருஷன் மாரடைப்பில் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. மேடவாக்கத்தில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. வீட்டில் அவளும் மாமியாரும் மட்டும். பெற்ற தாயைவிட அந்த மாமியாரிடம் அவளுக்கு ஒட்டுதல் அதிகம்.

"தப்பாக்கா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பசிச்சா சாப்பிடறது தப்பா? தப்புன்னு யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லல. அத்தைக்குத் தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? அவங்க ஒரு மாதிரி பாத்துட்டா, அதுக்கப்புறம் என்னால அந்த வீட்ல இருக்க முடியாதுக்கா."

அவளுடைய பயம் அது ஒன்றுதான். அதனால் பார்க்க வேண்டிய முதல் விஷயம் சத்தம் என்று முடிவு செய்தேன். ஆளுக்கு ஒன்றாக இரண்டு வாங்கினோம். சீப்பையே இன்னொருத்திக்குக் கொடுக்காதவள் நான்.

வாங்குவதற்கு முன் இணையத்தில் எழுதியிருந்த கருத்துகளைப் படித்தேன். பாதி ஆண்கள் எழுதியது. "என் மனைவிக்குப் பிடித்தது" என்று ஒருவன். ஏன், உன் மனைவிக்குக் கையில்லையா, எழுதத் தெரியாதா? அதை மூடிவிட்டு, சாமான் வந்ததும் நானே பார்த்தேன்.

சோதனை என் வீட்டில் நடந்தது. நான் படுக்கையறையில், அவள் சுவருக்கு அந்தப்பக்கம் ஹாலில், காதைச் சுவரில் வைத்துக்கொண்டு. மரக்கட்டில் சட்டத்தின் மேல் வைத்து ஓடவிட்டேன்.

"கேக்குதா?"

"கொசு மாதிரி கேக்குதுக்கா."

மெத்தைக்கு மாற்றி மேலே போர்வையைப் போட்டேன்.

"இப்ப?"

"ஒண்ணும் இல்ல... ஐயோ அக்கா, இப்ப பயங்கரமா கேக்குது! நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"லூசு, அது தண்ணி லாரிடி. வாசல்ல வந்து நிக்குது."

அன்று சிரித்ததில் அவளுக்குப் புரையேறிவிட்டது. மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மற்றபடி என் தீர்ப்பு இது. வழவழப்பான ரப்பர், நாற்றம் இல்லை. கழுவ எளிது, தண்ணீர் உள்ளே போகவில்லை. சார்ஜ் நன்றாக நிற்கிறது. ஒரே ஒரு பொத்தான் வைத்ததுதான் மடத்தனம். பிடித்த வேகத்தில் நிற்கும்போது கை தவறிப் பட்டால் வேறு வேகத்துக்கு ஓடிவிடும். பழைய இடத்துக்கு வர எல்லா வேகத்தையும் சுற்றிக்கொண்டு வர வேண்டும். இதைச் செய்தவன் நிச்சயமாக ஆண்பிள்ளை. வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது. அதற்குமேல் உங்களுக்கு எதற்கு?

"வெச்சுக்கோ" என்றேன். அவளும் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளிலேயே நன்றாகத் தூங்கி எழுந்த முகமாக இருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. கீழ்வீட்டு மாமியாருக்கு அன்று ஒரு வேலை உண்டு. கரண்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். மிக்ஸி, ஃபிரிட்ஜ், மோட்டார் சுவிட்ச், டிவி ரிமோட் எதுவும் தப்பாது. அவள் குளித்துவிட்டு அறைக்கு வந்தபோது, அலமாரி ஓரம் சார்ஜில் கிடந்த மெஷினில் சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன.

ஈரத் தலையோடு மேலே ஓடிவந்தாள். "எடுத்துப் பாத்திருக்காங்கக்கா. என்னன்னு வேற கேட்டாங்க. நான் ஊருக்குப் போயிடறேன். அவங்க மூஞ்சில முழிக்க முடியாது."

"இங்கயே உக்காரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த அம்மாள் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் தெருவே கேட்கிற மாதிரி கத்துவது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

அவர் சமையலறையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. அது இன்னா மிஷினு? அவளாண்ட கேட்டேன், பதிலே சொல்லாம மேல ஓடிட்டா."

பொய் சொல்லலாம். கழுத்து வலிக்கு என்று சொன்னால் முடிந்தது. என் வாய்க்கு அது வரவில்லை. "பொம்பளைங்க தனியா இருக்கறப்போ உடம்பு சுகத்துக்கு வெச்சுக்கறதும்மா. நான்தான் பாத்து வாங்கிக் குடுத்தேன். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

கரண்டி நின்றது. கடுகு கருகுகிற வாசனை வந்தது. அடுப்பை நான்தான் அணைத்தேன்.

"ஷாக் கீக் அடிச்சிடாதே?" என்றார்.

"அடிக்காதும்மா. நான் போட்டுப் பாத்துட்டேன்."

"நீயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். தோள் குலுங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்தார். "என் புள்ள போனதுல இருந்து அந்தப் பொண்ணு ராவெல்லாம் முழிச்சுகினு கீது. எனக்குத் தெரியாதா? இன்னொரு கண்ணாலம் பண்ணிக்கோன்னேன், உன்ன வுட்டுப் போமாட்டேன்னுது. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

சண்டைக்கு என்று எடுத்து வந்த வார்த்தைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் வாசலுக்குப் போய் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய், இன்னாடி அங்க பண்ற? பொரி நமுத்துப் போவுது. தலையைத் தொவட்டிகினு எறங்கி வா!"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.